வாடகை வீட்டில் மின்சார ஹீட்டர்: பில் எங்கே ஏறுகிறது?

குளிர் நாடுகளில் வாடகைக்கு விடும் சின்ன ஃபிளாட்டுகளில், சுவரில் மாட்டிய மின்சார ஹீட்டர் இருப்பது சகஜம். எரிவாயுக் குழாய் வேண்டாம், புகைபோக்கி வேண்டாம், வருடா வருடம் ஆள் வந்து சோதிக்க வேண்டாம். நாலு ஸ்க்ரூ, ஒரு வயர், வேலை முடிந்தது. அதை வாங்கி மாட்டுபவர் வீட்டு ஓனர்; ஓடும் செலவைக் கட்டுபவர் குடியிருப்பவர். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்திருந்தால் பல வீடுகளில் வேறு ஏற்பாடுதான் இருந்திருக்கும்.

குளிர்காலத்தின் முதல் கரண்ட் பில் வந்ததும் பலருக்கும் சந்தேகம் விழுவது ஹீட்டர் மேல்தான். "பழைய ஹீட்டர், கரண்டை இழுக்கிறது" என்று புதிதாக ஒன்றை வாங்கி வைப்பார்கள். அடுத்த மாத பில்லும் ஏறக்குறைய அதே அளவில்தான் வரும். ஏன் அப்படி என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பெருக்கல் தெரிந்தால் போதும்.

வாட், யூனிட், நேரம்

ஹீட்டரின் பின்புறமோ அடியிலோ ஒரு லேபிள் இருக்கும். அதில் 2000 வாட் என்று போட்டிருந்தால், அது முழு வேகத்தில் ஓடும்போது 2 கிலோவாட் எடுக்கிறது என்று பொருள். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆக, இந்த ஹீட்டர் விடாமல் ஒரு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட். உங்கள் பில்லில் ஒரு யூனிட்டுக்கு என்ன விலையோ அதால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

"விடாமல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் விடாமல் எரிவதில்லை. நீங்கள் வைத்த சூடு வந்ததும் நின்றுவிடும், அறை கொஞ்சம் ஆறியதும் மறுபடி எரியும். மெதுவாக 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அதுதான் இது. 2 கிலோவாட் ஹீட்டர் 8 மணி நேரம் 'ஆன்' நிலையில் இருந்தது என்பதற்காக 16 யூனிட் ஆகியிருக்கும் என்று அர்த்தமில்லை. 4 யூனிட்டும் ஆகியிருக்கலாம், 12-ம் ஆகியிருக்கலாம். எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது அறை எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பது.

எல்லா ஹீட்டரும் ஒரே ஹீட்டர்

கடைகளில் ஃபேன் ஹீட்டர், ஆயில் ரேடியேட்டர், செராமிக் ஹீட்டர், அகச்சிவப்புப் பேனல், கன்வெக்டர் என்று வகை வகையாக இருக்கும். ஒவ்வொன்றின் அட்டையிலும் "குறைந்த மின்செலவு" என்று அச்சடித்திருப்பார்கள். இவை எல்லாமே கம்பியிலோ தகட்டிலோ மின்சாரத்தைச் செலுத்தி, அது சூடாவதைப் பயன்படுத்துபவை. மின்னோட்டம் ஓடும் கம்பியில் எவ்வளவு வெப்பம் பிறக்கும் என்ற விதியை ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1841-ல் வெளியிட்டார். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் யாரும் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. உள்ளே போகும் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் வெப்பமாக வெளியே வரும். ஃபேன் ஹீட்டரின் மோட்டார் தின்னும் கொஞ்சநஞ்ச மின்சாரமும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் முடிகிறது.

அதனால் விலை குறைந்த ஃபேன் ஹீட்டரும், பத்து மடங்கு விலையுள்ள வழவழப்பான பேனலும் ஒரு யூனிட்டுக்குத் தரும் வெப்பம் ஒன்றே. பிளக்கில் செருகும் கைப்பிடி அளவு ஹீட்டர் "வீடு முழுவதையும் பைசா செலவில் சூடாக்கும்" என்று ஆன்லைனில் விளம்பரம் வரும். 400 வாட் ஹீட்டர் 400 வாட் வெப்பம் தரும். அதற்கு மேல் ஒரு துளி கிடைக்காது.

அப்படியானால் வகைகளுக்குள் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. வெப்பத்தின் அளவு ஒன்றுதான். அது எங்கே போகிறது, எப்போது வருகிறது என்பது மாறும். ஃபேன் ஹீட்டர் காற்றைச் சூடாக்கி அறை முழுக்க அடிக்கும். சட்டென்று இதமாக இருக்கும், நிறுத்தினால் சட்டென்று போய்விடும். ஆயில் ரேடியேட்டர் சூடாக நேரம் எடுக்கும், நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பு தரும், சத்தம் கிடையாது. படுக்கையறைக்கு அது தோது. அகச்சிவப்புப் பேனல் எதிரில் இருக்கும் ஆளை நேரே சூடாக்கும். ஒரே நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு, அறைக் காற்று குளிர்ந்திருந்தாலும் சமாளிக்கலாம். இப்படி உபயோகத்துக்குப் பார்த்து வாங்கலாம். 'சிக்கனமான ஹீட்டர்' என்று தேடினால் கிடைப்பது விளம்பரம்தான்.

இந்த விதிக்கு அடங்காத ஒன்று மட்டும் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

வெப்பம் போகும் வழி

ஓட்டைப் பானையில் தண்ணீரை ஒரே மட்டத்தில் வைத்திருக்க வேண்டுமானால், ஒழுகும் அளவுக்கு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஹீட்டர் செய்வது அந்த ஊற்றும் வேலை. பில்லின் அளவைச் சொல்வது ஓட்டையின் அளவு.

ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம். நீளவாட்டுச் சுவர் ஒன்று மட்டும் வெளியே பார்க்கிறது. அதில் 2 சதுர மீட்டர் ஜன்னல், மீதி 8 சதுர மீட்டர் சுவர். மேலே, கீழே, பக்கத்தில் எல்லாம் ஆள் இருக்கும் வீடுகள், அங்கும் நம் வீட்டுச் சூடுதான் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி. வித்தியாசம் 15.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு: ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் தப்பிக்கிறது என்பது. கட்டுமானத் துறையில் இதை யு மதிப்பு என்பார்கள். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு அது சுமார் 5. வெப்பக்காப்பு இல்லாத பழைய செங்கல் சுவருக்குச் சுமார் 2.

ஜன்னல்: 5 × 2 × 15 = 150 வாட். சுவர்: 2 × 8 × 15 = 240 வாட். அடுத்தது காற்று. கதவிடுக்கு, ஜன்னல் சந்து வழியாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அறைக் காற்று முழுதும் மாறுகிறது என்றால், உள்ளே வரும் 30 கன மீட்டர் குளிர்ந்த காற்றைச் சூடாக்கவே 150 வாட் தேவைப்படுகிறது. கூட்டினால் 540 வாட்.

இதுதான் நமக்கு வேண்டிய எண். ஹீட்டரில் 2000 என்று எழுதியிருந்தாலும், அறை 20 டிகிரிக்கு வந்த பிறகு சராசரியாக எடுப்பது 540 வாட். 8 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 4.3 யூனிட். தினமும் இப்படியே ஓடினால் 30 நாளில் 130 யூனிட், ஒரே ஒரு அறைக்கு. இரவு பகலாக வைத்திருந்தால் அது 390 யூனிட் ஆகிவிடும்.

இப்போது இதே அறையைக் கட்டடத்தின் மேல் மாடிக்கு, மூலைக்கு நகர்த்துங்கள். பக்கச் சுவர் இன்னொன்று வெளியே பார்க்கிறது: 7.5 சதுர மீட்டர், 225 வாட். தலைக்கு மேல் காப்பு இல்லாத கூரை: 12 சதுர மீட்டர், அதற்கும் யு மதிப்பு 2 என்று வைத்தால் 360 வாட். மொத்தம் 1125 வாட். அதே ஹீட்டர், அதே 20 டிகிரி, அதே யூனிட் விலை. பில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். நடு மாடியில் இருக்கும் நண்பரிடம் "உனக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்டு மனசு நொந்துகொள்வதில் பிரயோஜனம் இல்லை.

எதிர்த் திசையிலும் ஒரு கணக்குப் போடலாம். நடு மாடி அறைக்கே புதிய வகை இரட்டைக் கண்ணாடி (யு மதிப்பு 1.4), காப்பு வைத்த சுவர் (0.3), காற்றுக் கசிவு பாதி. ஜன்னலுக்கு 42, சுவருக்கு 36, காற்றுக்கு 75. ஆகமொத்தம் 153 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. கூட ஒரு லேப்டாப்பும் விளக்கும் எரிந்தால் அந்த அறைக்கு ஹீட்டரே அநேகமாகத் தேவைப்படாது. நல்ல கட்டடத்தில் மின்சார ஹீட்டர் ஒன்றும் மோசமான ஏற்பாடு கிடையாது. ஓட்டைக் கட்டடத்தோடு அது சேரும்போதுதான் ஆளைச் சாய்த்துவிடுகிறது. பல நாடுகளில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை, அதே அளவு வெப்பம் தரும் எரிவாயுவைவிட இரண்டு, மூன்று மடங்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுக்குமாடிக்கே உரிய இன்னொரு விஷயம் பக்கத்து வீடு. அங்கே ஆள் இருந்து ஹீட்டரும் ஓடினால், நடுச் சுவர் வழியாக உங்கள் வெப்பம் போகாது. அது காலியாகக் கிடந்தால், அந்த வீட்டின் குளிரைப் போக்கும் செலவில் ஒரு பங்கு உங்கள் மீட்டரில் ஓடும். போன வருடத்தைவிட இந்த வருடம் பில் ஏறியதற்குச் சில நேரம் இதுவே காரணமாக இருக்கும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிய மூன்று நம்பிக்கைகள்

முதலாவது: சீக்கிரம் சூடாக வேண்டுமென்றால் 30-ல் வைக்க வேண்டும். சாதாரண ஹீட்டரில் இது நடக்காது. 20-ல் வைத்தாலும் 30-ல் வைத்தாலும் ஆரம்பத்தில் அதே 2 கிலோவாட்தான் வெளியே வரும். 20-ஐத் தாண்டியும் நிற்காமல் ஓடும் என்பது மட்டுமே 30-ன் வேலை. அப்புறம் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறப்போம்.

இரண்டாவது: நாள் முழுதும் குறைந்த சூட்டில் ஓடவிடுவது, நிறுத்தி நிறுத்திப் போடுவதைவிடச் சிக்கனம். "ஆறிய வீட்டை மறுபடி சூடாக்க நிறைய கரண்ட் ஆகுமே" என்பது இதற்குச் சொல்லும் நியாயம். கேட்க சரி போலத்தான் இருக்கிறது. ஆனால் வெப்பம் தப்பிக்கும் வேகம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வீடு ஆறிக் கிடக்கும் நேரத்தில் இழப்பு குறைகிறது. நீங்கள் வெளியே போயிருக்கும் 9 மணி நேரமும் ஆளில்லாத வீட்டை 18 டிகிரியில் வைத்திருந்தால், அந்த 9 மணி நேர இழப்பையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். மறுபடி சூடேற்ற ஆகும் மின்சாரம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். சாதாரண மின்சார ஹீட்டருக்கு, தேவைப்படும்போது மட்டும் போடுவதே மலிவு.

மறுபடி சூடேற ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்பதற்கும் காரணம் உண்டு. நம் அறையில் உள்ள காற்றை மட்டும் 10 டிகிரி ஏற்ற வெறும் 0.1 யூனிட் போதும். 2 கிலோவாட் ஹீட்டருக்கு அது மூன்று நிமிட வேலை. நிஜத்தில் ஒரு மணி நேரம் ஆகியும் கை கால் விறைக்கிறது. சுவர், தரை, கட்டில், அலமாரி எல்லாம் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. ஒரு டன் செங்கல்லை ஒரு டிகிரி ஏற்றவே கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தேவை. 8 சதுர மீட்டர் செங்கல் சுவர் என்றால் சுமாராக 3 டன் வரும். ஜில்லென்ற சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், காற்று 20 டிகிரி இருந்தும் குளிர்வதாகத் தோன்றுவது இதனால்தான். சோஃபாவை வெளிச்சுவரிலிருந்து தள்ளி, உள்சுவர்ப் பக்கம் போடுவதற்குக் காசு ஆகாது.

மூன்றாவது: ஒரு டிகிரி குறைத்தால் 10 சதவீதம் மிச்சம். இது முழுக்கத் தப்புமில்லை, முழுக்கச் சரியுமில்லை. நம் உதாரணத்தில் வித்தியாசம் 15 டிகிரி. ஒன்றைக் குறைத்தால் 15-ல் ஒரு பங்கு, அதாவது 7 சதவீதம்போல. வெளியே 10 டிகிரி இருக்கும் நாளில் அது 10 சதவீதம், உறைபனிக்கும் கீழே போய் மைனஸ் 5 ஆகும் நாளில் வெறும் 4 சதவீதம். சதவீதம் எப்படி மாறினாலும் நம் அறையில் ஒரு டிகிரிக்கு மிச்சமாவது எப்போதும் 36 வாட்தான். மிச்சம் பிடிக்கிறேன் என்று அளவுக்கு மீறி இறக்கிவிடவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வீட்டு வசதி வழிகாட்டுதல், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி என்கிறது. கைக்குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைப்பது நல்லது.

ஈரம்

வீடு குளிர்ந்து கிடந்தால் வரும் இன்னொரு தொல்லை பூஞ்சை. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் வரும் ஆவி, குளிர்ந்த மூலையைத் தொட்டதும் தண்ணீராகிவிடுகிறது. அலமாரிக்குப் பின்னால் கருப்புப் புள்ளிகள் வருவது அப்படித்தான்.

துணியை அறைக்குள் உலர்த்துவது ஈரத்தோடு பில்லையும் கூட்டும் என்பது பலருக்குத் தெரியாது. அறைச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, கிட்டத்தட்ட 0.7 யூனிட் வெப்பம் வேண்டும். ஒரு மெஷின் துணியில் 2 லிட்டர் தண்ணீர் இருந்தால், அறையிலிருந்து 1.4 யூனிட் வெப்பத்தைத் துணி எடுத்துக்கொள்கிறது. அதை ஈடுகட்டுவது ஹீட்டர். அப்புறம் அந்த ஈரக் காற்றை வெளியேற்ற ஜன்னலைத் திறந்தால் அதோடு இன்னும் கொஞ்சம் வெப்பம் போகும். குளியலறையில் கொடியைக் கட்டி, கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிடுவது இதற்கு நல்ல வழி. ஹீட்டர் மேலேயே துணியைப் போடுவது மட்டும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

இரவில் சேமிக்கும் ஹீட்டர்

சில பழைய ஃபிளாட்டுகளில் சுவரோரம் கனத்த பெட்டி போல ஒன்று இருக்கும். அசைத்தாலும் அசையாது, உள்ளே இருப்பது கனமான செங்கல். இரவில் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் அந்தக் கற்கள் பல நூறு டிகிரி வரை சூடேறும், மறுநாள் பகலில் மெல்ல மெல்ல வெப்பத்தை விடும். இதிலும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான். விலை குறைந்த நேரத்து யூனிட் என்பதே இதன் லாபம்.

பழைய மாடல்களில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று உள்ளே எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதற்கு, மற்றது எவ்வளவு வேகமாக வெளியே விட வேண்டும் என்பதற்கு. புதிதாகக் குடிவந்தவர்கள் இரண்டையும் கடைசி வரை திருகிவிடுவார்கள். காலையில் வீடு கொதிக்கும், சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது பெட்டி ஆறிப்போயிருக்கும். வெளியே விடும் திருகைப் பகலில் குறைத்து வைத்து, வீட்டுக்கு வந்ததும் கூட்ட வேண்டும். உள்ளே ஏற்றும் திருகை நாளைய குளிரைப் பார்த்து முந்தின இரவே வைக்க வேண்டும். கொஞ்சம் தொந்தரவு பிடித்த யந்திரம்தான், ஆனால் பிடி கிடைத்துவிட்டால் மலிவு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இரவு விலை குறைவாக உள்ள கட்டணத் திட்டங்களில் பகல் விலை பெரும்பாலும் சாதாரணத் திட்டத்தைவிடக் கூடுதல். சேமிப்பு ஹீட்டர் பழுதாகி, பகலில் பிளக் ஹீட்டரைப் போட்டுச் சமாளிக்கும் வீட்டில் அந்தத் திட்டமே நஷ்டம். பில்லில் இரண்டு விலை போட்டிருந்தால், உங்கள் யூனிட்டுகளில் எத்தனை இரவுக் கணக்கில் விழுகின்றன என்று பாருங்கள். மிகச் சிறு பங்குதான் என்றால் திட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

விதிவிலக்கு

முன்னே சொன்ன அந்த ஒன்று ஹீட் பம்ப். இது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே கடத்துகிறது. வெளியே 5 டிகிரி என்றாலும் அந்தக் காற்றில் எடுக்கக்கூடிய வெப்பம் இருக்கவே செய்கிறது. ஃபிரிட்ஜ் தன் உள்ளிருக்கும் வெப்பத்தைப் பின்பக்கம் தள்ளுவதும் இதே வேலைதான். இப்படி வீட்டைச் சூடாக்கலாம் என்ற யோசனையை, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1852-லேயே சொல்லிவிட்டார்.

ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்து 2 முதல் 4 யூனிட் வரை வெப்பம் பெறலாம். வெளியே குளிர் ஏற ஏற இந்த எண் இறங்கும். நம் 540 வாட் அறைக்கு, 3 மடங்கு தரும் இயந்திரம் இருந்தால் மீட்டரில் ஓடுவது 180 வாட்தான். மாதம் 130 யூனிட் 43 ஆகிவிடும்.

வாடகை வீட்டில் இதை யார் வாங்கி மாட்டுவார்கள் என்று கேட்கலாம். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கலாம்! சுவரில் உள்ள ஸ்பிளிட் ஏசியின் ரிமோட்டில் சூரியன் படம் போட்ட மோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அது ஹீட் பம்ப். கோடைக்கு மட்டும்தான் ஏசி என்று நினைத்து, அதற்குக் கீழேயே ஃபேன் ஹீட்டரை ஓடவிட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஆணி அடிக்காமல் செய்யக்கூடியவை

சுவருக்குக் காப்பு வைப்பதும் ஜன்னலை மாற்றுவதும் ஓனர் கையில். குடியிருப்பவர் கையில் இருப்பதில் முதலிடம் காற்றுக் கசிவுக்கு. காற்றடிக்கும் நாளில் ஈரமான புறங்கையை ஜன்னல் சட்டத்தின் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். சில்லென்று படும் இடம்தான் சந்து. ஒட்டும் நுரைப் பட்டை வாங்கி அந்த இடத்தில் ஒட்டலாம், காலி செய்யும்போது உரித்துவிடலாம். கதவடியில் சுருட்டிய துணி போதும். அடைக்கிறேன் பேர்வழி என்று சமையலறை, குளியலறைக் காற்றுத் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். வீட்டில் எரிவாயு அடுப்பு இருந்தால் அது ஆபத்தும்கூட.

ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு உள்பக்கச் சட்டத்தில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் கிடைக்கும். இடையில் சிக்கும் காற்று இரண்டாவது கண்ணாடி போல வேலை செய்யும். இருட்டியதும் கனமான திரையை இழுத்து விடுங்கள். ஹீட்டர் ஜன்னலுக்குக் கீழே இருந்தால் திரை அதன் மேல் தொங்கக் கூடாது. வெப்பம் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே போய்விடும், தீ அபாயமும் உண்டு.

இதற்கெல்லாம் மேலாக நான் சொல்வது, அறையை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குங்கள் என்பது. மின்போர்வை ஒன்று 100 வாட் எடுத்தால், இரவு 8 மணி நேரத்துக்கு 0.8 யூனிட். அதே 8 மணி நேரம் அறையைச் சூடாக வைத்திருக்க 4.3 யூனிட் ஆனது நினைவிருக்கும். தூங்கும்போது அறை கொஞ்சம் ஆறினால் பரவாயில்லை என்பவர்களுக்கு இதைப்போல மிச்சம் தருவது வேறெதுவும் இல்லை. குழந்தைகளுக்கும், தானே கழற்ற முடியாதவர்களுக்கும் மட்டும் மின்போர்வை வேண்டாம்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. 230 வோல்ட்டில் 2 கிலோவாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்காக. மெலிந்த எக்ஸ்டென்ஷன் வயர் அதைத் தாங்காது. சுவர் பிளக்கிலேயே நேரடியாகச் செருகுங்கள். பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் சுட்டால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மீட்டரைப் படிப்பது

கணக்கைவிட நம்பகமானது மீட்டர். படுக்கப் போகும்போது ஒரு ரீடிங், எழுந்ததும் ஒரு ரீடிங். ஒரு நாள் ஹீட்டருடன், ஒரு நாள் இல்லாமல். வெளிக் குளிர் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் நாட்களாகப் பார்த்துச் செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் ஹீட்டரின் உண்மையான செலவு. பிளக்கில் மாட்டும் சின்ன மின்அளவி கிடைத்தால் இன்னும் சுலபம்.

ஹீட்டர் மேல் பழி போடுவதற்கு முன் வெந்நீரையும் பார்த்துவிடுங்கள். 50 லிட்டர் தண்ணீரை 15-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2.6 யூனிட் ஆகும். இரண்டு மூன்று பேர் தினமும் குளிக்கும் வீட்டில் கெய்சர் ஹீட்டருக்குச் சரிசமமாக நிற்கும்.

பில்லில் பார்க்க வேண்டியவை சில. யூனிட்டே ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம் எவ்வளவு? யூனிட் ஏற ஏற விலை ஏறும் ஸ்லாப் முறை உண்டா? அப்படி இருந்தால் ஹீட்டரின் யூனிட்டுகள் எல்லாம் மேல் ஸ்லாப்பில்தான் விழும். சராசரி விலையை வைத்துக் கணக்குப் போட்டால் குறைவாகத்தான் தெரியும். ரீடிங் உண்மையில் எடுத்ததா, உத்தேசமாகப் போட்டதா? உத்தேசம் என்றால் இப்போது குறைவாக வந்துவிட்டு, பின்னால் மொத்தமாக வந்து நிற்கலாம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

வீடு பார்க்கப் போவது பெரும்பாலும் பகலில், நல்ல வெயில் நாளில். அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய. எந்த மாடி, எத்தனை சுவர் வெளியே பார்க்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். கண்ணாடி ஒற்றையா இரட்டையா என்று பார்க்க, லைட்டரையோ போன் வெளிச்சத்தையோ கண்ணாடி அருகே பிடித்தால் போதும். பிரதிபலிப்பு ஒரே தொகுதியாகத் தெரிந்தால் ஒற்றை, இடைவெளி விட்டு இன்னொரு தொகுதியும் தெரிந்தால் இரட்டை. அலமாரிக்குப் பின்னால், ஜன்னல் மூலையில் புதிதாகப் பெயின்ட் அடித்த திட்டு இருந்தால் என்னவென்று கேளுங்கள். வீட்டுக்கு ஆற்றல் தரச் சான்றிதழ் தரும் நாடாக இருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள். முன்பு குடியிருந்தவரின் குளிர்கால பில் ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல தகவல் வேறில்லை. வருட மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்துச் சொல்லும் "மாதம் இவ்வளவுதான்" என்ற பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹீட்டர் செலவு வருவது நாலைந்து மாதத்தில்.

மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஓனர் பெயரில் ஒரே மீட்டர் இருந்து, ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் சப்-மீட்டர் வைத்து அவரே வசூலிப்பதாக இருந்தால், ஒரு யூனிட்டுக்கு அவர் போடும் விலை என்ன, அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, அதற்கு மேல் அவர் வாங்கலாமா என்பதற்கு ஊருக்கு ஊர் விதி வேறு. மின்வாரியத்திடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ அதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, குடிபோகும் அன்றே சப்-மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.